எழுத்து வந்து சேரும் நேரம்

அச்சில் இருக்கும் எழுத்து வாசகருக்காகக் காத்திருக்கும். மெதுவாகப் படிக்கலாம், தாவலாம், விட்ட இடத்துக்குத் திரும்பி வரலாம். திரையில் ஓடும் எழுத்திடம் அந்தச் சலுகை கிடையாது. எப்போது தோன்றுவது, எத்தனை விநாடி நிற்பது, எப்படி மறைவது என்பதையெல்லாம் டைட்டிலை வடிவமைத்தவர் முன்பே முடிவு செய்துவிடுகிறார். டைட்டில் டிசைன் என்றால் கதைக்குப் பொருத்தமான ஒரு ஃபான்டைத் தேர்ந்தெடுப்பது என்றே பலரும் நினைக்கிறோம். எழுத்தின் உருவத்தைவிட அது வந்து சேரும் விதம்தான் பார்வையாளரைப் படத்துக்குத் தயார்ப்படுத்துகிறது என்பது என் கருத்து. ஹாலிவுட்டில் நெடுங்காலம் டைட்டில் பெரும்பாலும் வெறும் பெயர்ப்பட்டியலாகவே ஓடியது. 1955இல் ஓட்டோ பிரெமிங்கரின் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ் அமைத்த டைட்டிலில், கறுப்புத் திரையில் நகரும் வெள்ளைப் பட்டைகள் கடைசியில் கோணலான ஒரு கையாகின்றன. போதைப்பழக்கத்தில் சிக்கியவனின் கதை அது. டைட்டில் தொடங்கும் முன்பே திரைச்சீலையை விலக்கிவிட வேண்டும் என்று தியேட்டர் ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு அனுப்பினார் பிரெமிங்கர்.

பாஸ் பின்னர் ஹிட்ச்காக்கோடு செய்த வேலையில், எழுத்து வந்து சேரும் விதத்தின் வலிமை இன்னும் தெளிவாகிறது. 'நார்த் பை நார்த்வெஸ்ட்' (1959) படத்தில் பச்சைத் திரையில் சாய்வான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெயர்கள் அந்தத் தடங்களில் லிஃப்ட் போல ஏறி இறங்குகின்றன. பிறகு அந்தக் கட்டங்களே நியூயார்க் கட்டடம் ஒன்றின் கண்ணாடிச் சுவராக மாறிவிடுகின்றன. ஒரு மனிதனை ஊர் ஊராகத் துரத்தப்போகும் கதையின் வேகம் எழுத்துக்கு வந்துவிட்டது. மறுவருடம் வந்த 'சைக்கோ'வில் எழுத்துகள் கிடைவாட்டில் துண்டாகி, ஒன்றோடொன்று பொருந்தாமல் வந்து, ஒரு கணம் சேர்ந்து, மறுபடி உடைகின்றன. பிளவுண்ட மனத்தைப் பற்றிய கதை என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்களோடு அந்த உடைப்பைப் பார்த்தவருக்கு முதல் காட்சிக்கு முன்பே நிம்மதி போய்விடும். அதே எழுத்துகளைத் தாளில் அச்சடித்துக் காட்டினால் சாதாரணத் தடித்த எழுத்துகள்தாம்.

இதற்கு மிகச் சுத்தமான சான்று, ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' (1979). ரிச்சர்ட் கிரீன்பர்க் அமைத்த டைட்டில் அது. கேமரா இருண்ட கிரகம் ஒன்றைக் கடந்து மெல்ல நகர்கிறது. திரையின் மேற்பகுதியில் ஒரு சிறு வெள்ளைக் கோடு தோன்றுகிறது. சற்று நேரம் கழித்து, எட்டத்தில் இன்னொன்று. அவை எழுத்தா, வேறு ஏதாவது குறியா என்று சொல்ல முடியாது. கோடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து ஐந்து எழுத்துகளும் முழுமை பெற நிமிடக்கணக்கில் ஆகிறது. அலங்காரம் ஏதுமில்லாத எழுத்து. அடையாளம் தெரியாத ஒன்று நம் கண்முன்னே மெதுவாக உருவெடுக்கும் பயத்தை அந்தத் தாமதம் மட்டுமே தருகிறது. படமும் அதே பயத்தைத்தான் தரப்போகிறது.

டைட்டில் என்பது ஒப்பந்தச் சடங்கு, யார் பெயர் எங்கே என்பதைச் சங்கங்கள் தீர்மானிக்கின்றன, இதில் கலை எங்கே என்று கேட்கலாம். சங்கங்களின் பிடி உண்மையில் வலுவானது. 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980) படத்தின் தொடக்கத்தில் இயக்குநர் பெயரைப் போடாததற்காக அமெரிக்க இயக்குநர் சங்கம் ஜார்ஜ் லூகாஸுக்கு அபராதம் விதித்தது. அவர் சங்கத்தைவிட்டே விலகினார். ஆனால் கட்டாயம் இருப்பதாலேயே கலை இல்லாமல் போய்விடாது. டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்' (1995) படத்துக்கு கைல் கூப்பர் கையால் கீறிய எழுத்துகள் நடுங்குகின்றன, துள்ளுகின்றன, படித்து முடிக்கும் முன்பே அறுந்துபோகின்றன. கொலைகாரனே எழுதியதுபோல் இருக்கும் அந்தப் பெயர்வரிசையில் கொலைகாரனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயர் மட்டும் இல்லை. படம் முடிந்த பிறகே அது வருகிறது. எந்தப் பெயர் எப்போது வர வேண்டும் என்ற ஒப்பந்த விஷயம் கதைசொல்லலின் பகுதியாகவே ஆகிவிட்டது.

இன்னொரு ஆட்சேபம் வலுவானது. வுடி ஆலன் 1977இன் 'ஆனி ஹால்' தொட்டு ஏறக்குறைய எல்லாப் படங்களுக்கும் கறுப்பில் வெள்ளையாக வின்ட்சர் என்ற ஒரே எழுத்துருவைத்தான் பயன்படுத்தினார். அசைவு கிடையாது. அந்தப் படங்களுக்கு என்ன குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. அசையாத அட்டைகள் நிதானமாக மாறுவதும் ஒரு வேகம்தான். வரப்போவது பேச்சை ரசிக்கும் படம் என்பதை அவை சொல்லிவிடுகின்றன. நான் சொல்வது ஆரவாரத்தை அல்ல, தேர்வை. 'ஃபாரன்ஹீட் 451' (1966) படத்தில் இயக்குநர் த்ரூஃபோ எழுத்தையே நீக்கிவிட்டுப் பெயர்களை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். புத்தகங்கள் எரிக்கப்படும் உலகத்துக்கு அதைவிடச் சரியான டைட்டில் இருக்க முடியாது.

தமிழ் டைட்டில்களுக்கு இதில் நேரான பாடம் உண்டு. 'ஏலியன்' உத்தி பலித்ததற்குக் காரணம், அந்தப் பெயரின் ஐந்து ரோமன் பெரிய எழுத்துகளும் நேர்கோடுகளால் ஆனவை என்பதுதான். நம் ழகரமும் ஞகரமும் சுழித்துச் செல்பவை. அங்கே அதே உத்தியைப் பிரதியெடுத்தால் ஒட்டாது. ஆனால் நம் எழுத்தில் காலத்தோடு விளையாட வேறு வழி இருக்கிறது. கொம்போடு நிற்கும் 'கெ', பின்னால் ஒரு கால் வந்து சேர்ந்ததும் 'கொ' ஆகிவிடும். மேலே ஒரு புள்ளி தாமதமாக விழுந்தால் 'க' என்று படித்தது 'க்' என்று அடங்கிவிடும். படிக்கும்போதே ஓசை மாறுகிற இந்த இயல்பைத் தமிழ் டைட்டில் வடிவமைப்பாளர்கள் எடுத்தாள வேண்டும். அதற்கான அவகாசத்தைத் தயாரிப்பாளர்கள் ரிலீஸுக்கு முந்தைய வாரத்தில் அல்ல, படப்பிடிப்பு நடக்கும்போதே அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.