இம்சை அரசனும் நிஜ இம்சைகளும்



'இம்சை அரசன் 23-ம் புலிகேசி' படம் 2006-ல் வந்தது. இப்பவும் டி.வி.யில் போட்டால் வீட்டில் யாரும் சேனலை மாற்ற விடமாட்டாங்க. வடிவேலு மாதிரி நடந்து காட்டாத பையன் நம்ம முத்தாபுதுப்பேட்டையில் உண்டா? வரலாற்றுப் பாடத்தில் ஹிட்லரைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. புலிகேசி செய்ததை எல்லாம் நிஜமாகவே யாராவது செய்திருப்பாங்களா? தேடிப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

1. படம்: புலிகேசி ஒரு பயில்வான் உடம்பில் தன் முகத்தை வைத்து ஓவியம் வரையச் சொல்வார். சோவியத் யூனியனை ஆண்ட ஸ்டாலின் காலத்தில் நடந்தது இதைவிட மோசம். அவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர் யெசோவ் என்ற போலீஸ் தலைவர். அவரை 1940-ல் சுட்டுக் கொன்றார்கள். அந்தப் போட்டோவிலிருந்தும் அவரை அழித்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரியும்.

2. பட்டம்: புலிகேசியைப் புகழ ஒரு கூட்டமே உண்டு. உகாண்டாவை 1971 முதல் 1979 வரை ஆண்ட இடி அமீன் தனக்குத் தானே பட்டம் கொடுத்துக்கொண்டார். அதில் ஒன்று 'பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை வென்றவர்'! கேட்டால் காமெடி. ஆனால் இதே மனிதர்தான் 1972-ல், 90 நாளில் நாட்டை விட்டுப் போங்கள் என்று இந்திய வம்சாவளி மக்களை விரட்டினார்.

3. பகை: ஜனங்கள் சாதிச் சண்டை போட புலிகேசி மைதானமே திறந்து வைப்பார். சண்டை போட்டுக்கொண்டே இருந்தால் அரசனை யார் கேள்வி கேட்பாங்க? ஹிட்லர் எல்லாக் கஷ்டத்துக்கும் யூதர்கள்தான் காரணம் என்றார். 1938-ல் யூதப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். கடைசியில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 60 லட்சம் பேர். கூடப் படித்த பையனின் இடம் காலியானபோது, பக்கத்தில் இருந்தவன் என்ன நினைத்திருப்பான்?

ஒரே ஒரு வித்தியாசம்

படத்தில் புலிகேசிக்கு உக்கிரபுத்தன் என்ற நல்ல இரட்டைச் சகோதரன் இருக்கிறான். அவன் வந்து எல்லாவற்றையும் சரி செய்துவிடுவான். நிஜத்தில் அப்படி யாரும் வருவதில்லை. ஜனங்கள்தான் வரவேண்டும்.

நம் நாட்டிலும் 1975 ஜூன் 25-ல் பிரதமர் இந்திரா காந்தி ஆட்சியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. விசாரணை இல்லாமல் சிறை. ஆளுக்கு ஒரு ஓட்டு மட்டும் மிச்சம் இருந்தது. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. பிரதமர் தன் சொந்தத் தொகுதியான ராய்பரேலியிலேயே தோற்றார். 21 மாத நெருக்கடி நிலை முடிந்தது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை.

தேர்தல் நேரத்தில் நம்ம வகுப்பறைச் சுவரில் வாக்குச்சாவடி எண் ஒட்டுவாங்களே, அந்தத் தாளை இனிமேல் கிழித்து ராக்கெட் விடமாட்டேன். நமக்கு 18 வயசு ஆக இன்னும் கொஞ்ச வருஷம்தான். அதுவரைக்கும் கேள்வி கேட்கப் பழகுவோம்!

உங்களுக்குத் தெரியுமா? நிஜமான இரண்டாம் புலிகேசி சாளுக்கிய மாவீரன். ஹர்ஷரையே நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவர். அவர் தலைநகர் வாதாபியை 642-ல் பிடித்தவர் நம்ம காஞ்சிப் பல்லவ மன்னர் நரசிம்மவர்மன்!

– 9-ம் வகுப்பு மாணவன்