ரத்தம் கொடுத்தவருக்கு முடிவு தெரிய வேண்டாமா?

கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று, மற்றவருக்கு இல்லை. 9 நாடுகளில், சென்னை, புனே உட்பட 13 மையங்களில் இப்படிப்பட்ட 1,763 இணையர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். ‘எச்.பி.டி.என். 052’ என்பது அதன் பெயர். ஒரு பிரிவில் தொற்றுள்ளவருக்கு, எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து உடனே தொடங்கப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு, நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்த பிறகே.

துணையிடமிருந்தே தொற்றியது என்று மரபணுச் சோதனையில் உறுதியானவர்கள் 28 பேர். அவர்களில் 27 பேர் மருந்துக்காகக் காத்திருந்த பிரிவைச் சேர்ந்தவர்கள். 2015 வரை நடக்கவிருந்த ஆய்வின் முடிவை 2011 மே மாதமே வெளியிட்டார்கள். ஆய்வில் பங்கேற்றவர்களுக்கும் அதைத் தெரிவித்தார்கள். காத்திருந்தவர்களுக்கும் மருந்து தர முன்வந்தார்கள்.

எல்லா ஆய்விலும் இப்படி நடப்பதில்லை. சேரும்போது பக்கம் பக்கமாக ஒப்புதல் படிவம் படித்துக் காட்டப்படுகிறது. மாதக்கணக்கில் ரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். முடிவோ சில ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவ இதழில், ஆங்கிலத்தில் வருகிறது. அதற்குள் நோயாளியின் முகவரி மாறியிருக்கும். தேடிப்பிடித்துச் சொல்ல ஆளும் இருக்காது, நிதியும் இருக்காது.

ஆய்வின் பொதுவான முடிவை அறியும் வாய்ப்பைப் பங்கேற்பாளர் அனைவருக்கும் தர வேண்டும் என்கிறது உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனம், 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தில். ஐரோப்பிய ஒன்றியம் அதைவிட ஒரு படி மேலே போனது. மருந்து ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் சாதாரண மக்களுக்குப் புரியும் சுருக்கத்தைப் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிட வேண்டும் என்ற அதன் சட்டம் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளது.

தளத்தில் போட்டுவிட்டால் போதுமா? பிரிட்டனில் இதையே ஓர் ஆய்வாக நடத்திப் பார்த்தார்கள். அதற்கு எடுத்துக்கொண்டது, சினைப்பைப் புற்றுநோய் கண்ட 1,566 பெண்கள் பங்கேற்ற ‘ஐகான் 8’ என்ற மருந்து ஆய்வின் முடிவை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கீமோ மருந்தை வாராவாரம் ஏற்றினால் நோய் கூடுதல் காலம் கட்டுப்படுமா என்பது அந்த மருந்து ஆய்வின் கேள்வி. கட்டுப்படவில்லை. வாராவாரம் மருத்துவமனைக்கு வந்து, நரம்பில் ஊசி குத்தி, மணிக்கணக்கில் படுத்திருந்த பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது? 43 மருத்துவமனைகளைப் பிரித்து, இணையப் பக்கம், மின்னஞ்சல், தபாலில் அச்சிட்ட சுருக்கம் என வெவ்வேறு வழிகளை ஒப்பிட்டார்கள். தபாலில் காகிதம் கிடைத்த பெண்களே, முடிவு தெரிவிக்கப்பட்ட விதத்தில் அதிகத் திருப்தி அடைந்தார்கள்.

செலவு ஓர் உறையும் தபால்தலையும்தான். இதை ஆய்வு முடிந்தபின் யோசித்தால் காரியம் ஆகாது. முடிவு தெரிய விருப்பமா, எந்த மொழியில், எந்த முகவரிக்கு, தாம் இல்லாமல்போனால் குடும்பத்தில் யாருக்கு என்பதை ஒப்புதல் படிவத்திலேயே கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள் இல்லாத விண்ணப்பத்தை, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.