பத்தில் ஒரு மில்லிமீட்டர்

கிளாக் 19 கைத்துப்பாக்கியின் நான்காம் தலைமுறைக் குழலையும் ஐந்தாம் தலைமுறைக் குழலையும் மேசையில் அருகருகே வைத்தால் பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. இரண்டும் கருநிற எஃகு; இரண்டும் 102 மி.மீ. நீளம். வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால்தான் விஷயம் புலப்படும். பழைய குழலின் உட்சுவர் வழுவழுப்பாக, மேடும் பள்ளமும் ஒன்றில் ஒன்று கரைந்தபடி திரும்பிச் செல்கிறது. புதியதில் அதே திருப்பம்தான், ஆனால் மேடுகளுக்கு ஓரம் முளைத்திருக்கிறது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே உள்ள உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. வெடிவாயு, குண்டு, ஈயக் கறை, தடய அறிவியல் ஆய்வகம் என்று பலவற்றின் விதியைத் தீர்மானிப்பது அந்தப் பத்தில் ஒரு பங்குதான்.

இந்தத் துப்பாக்கி பிறந்தது ஆஸ்திரியாவில். வியன்னாவுக்கு அருகே டாய்ச்-வாக்ராம் ஊரில் திரைச்சீலைக் கம்பிகளும் ராணுவக் கத்திகளும் செய்துகொண்டிருந்த பொறியாளர் காஸ்டன் கிளாக், பிளாஸ்டிக் உடலுடன் வடிவமைத்த பிஸ்டலை 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதுதான் கிளாக் 17. குழலில் 12 மி.மீ. குறைத்து, பிடியையும் சுருக்கி 1988இல் வந்த கையடக்க வடிவம் கிளாக் 19. நான்காம் தலைமுறை 2010இலும் ஐந்தாம் தலைமுறை 2017இலும் வந்தன.

குழலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் 2,350 பார் வரை போகலாம் என்பது ஐரோப்பியத் தர வரம்பு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல இது இரண்டாயிரம் மடங்குக்கும் அதிகம். சுமார் 8 கிராம் எடையுள்ள குண்டு அசைவற்ற நிலையிலிருந்து கிளம்பி, நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தை எட்டுகிறது. குழலின் பின்பகுதியைத் தோட்டா நிற்கும் அறை எடுத்துக்கொள்வதால், குண்டுக்கு ஓடக் கிடைப்பது சுமார் 80 மி.மீ.தான். இதற்கு ஆகும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதற்குள் குண்டைச் சுழற்றவும் வேண்டும். சுழலும் பொருள் தன் அச்சின் திசையை எளிதில் விட்டுக்கொடுக்காது. சுழலாத குண்டு காற்றில் புரண்டு புரண்டு போகும். ஆகவே குழலின் உட்சுவரில் மேடும் பள்ளமும் சுருளாகச் செல்லும்படி அமைக்கிறார்கள். இந்த அமைப்பைச் சுருள்வரி என்று அழைப்போம். கிளாக் 19இல் சுருள்வரி ஒரு முழுச் சுற்று வர 250 மி.மீ. தேவை. குழலில் இருப்பதோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீளம். அப்படியென்றால் குண்டு உள்ளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் சுற்றுத் திரும்பியதும் வெளியே போய்விடுகிறது. ஆனால் அந்தச் சிறு திருப்பம் நடக்கும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 1,400 சுற்று, நிமிடத்துக்கு 84,000. வீட்டு மின்விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 350 முறை சுற்றுகிறது என்றால், இது அதைப் போல 240 மடங்கு.

வழக்கமான சுருள்வரியில் பள்ளங்கள் கூர்மையான ஓரங்களுடன், குறுக்குவெட்டில் சின்னச் சின்னச் செவ்வகங்களாக இருக்கும். குண்டின் செம்பு உறையை மேடுகள் அழுத்திப் பிடித்துத் திருப்பும். வேலை சரியாகத்தான் நடக்கிறது. ஒரே குறை, செவ்வகத்தின் மூலைகளைக் குண்டு முழுமையாக நிரப்புவதில்லை; அந்த இடுக்குகளில் வாயு கொஞ்சம் நழுவி முன்னே ஓடிவிடும்.

மூலையே இல்லாத குழல் செய்தால் என்ன? இந்த யோசனை பழையது. திருகு மரைகளுக்குத் தர அளவு வகுத்துத் தந்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 1850களிலேயே துளையை அறுகோணமாக்கி, அந்த அறுகோணத்தையே முறுக்கிய ரைஃபிள் ஒன்றைச் செய்தார். குண்டையும் அறுகோணமாகவே வார்த்தார். கிளாக் குழல் அந்தச் சிந்தனையின் வழித்தோன்றல். இதில் அறுகோணத்தின் மூலைகள் உருட்டப்பட்டுவிட்டன. குண்டு சாதாரண வட்டக் குண்டுதான். குண்டு சுவரோடு நன்றாகப் படிந்து அடைத்துக்கொள்வதால் வாயுக் கசிவு குறைகிறது, வேகம் துளி கூடுகிறது, கரி ஒளிந்துகொள்ள மூலை இல்லாததால் துடைப்பதும் எளிது. இதற்குப் பலகோணச் சுருள்வரி என்று பெயர்.

வளைந்து திரும்பும் இந்த வழுவழுப்பான வடிவத்தை வெட்டுக்கருவி கொண்டு குடைந்தெடுப்பது பெரும்பாடு. செய்யும் முறை அதைவிட அழகானது: குடைவதே இல்லை, அடித்து இறுக்குகிறார்கள். முதலில் தேவையைவிடக் குட்டையான, தடித்த எஃகுக் குழாய் ஒன்றை எடுத்து நேராகத் துளையிடுகிறார்கள். அதற்குள் மிகக் கடினமான கார்பைடு கம்பி ஒன்று நுழைகிறது. உள்ளச்சு எனப்படும் அந்தக் கம்பியின் மேல், குழலில் வர வேண்டிய சுருள்வரி தலைகீழாக இருக்கும். மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம், பள்ளம் வர வேண்டிய இடத்தில் மேடு. பிறகு சுற்றிலும் நிற்கும் சுத்தியல்கள் நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளைக் குழாயின் மேல் இறக்குகின்றன. எஃகு காய்ச்சப்படுவதில்லை, குளிர்ந்த நிலையிலேயே நெகிழ்ந்து உள்ளச்சின் மேல் படிகிறது. குழாய் மெலிந்து நீள்கிறது. சில நிமிடங்களில் கம்பியை உருவினால் உள்ளே சுருள்வரி தயார். அடி வாங்கிய எஃகு முன்பைவிட இறுகியும் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு ஜெர்மனியில் உருவான முறை இது. இதற்கான இயந்திரங்களைச் செய்வதில் பின்னர் பேர்பெற்றது ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரம். ஆஸ்திரியத் துப்பாக்கி ஒன்று இந்த வழியைத் தேர்ந்ததில் வியப்பில்லை.

கிளாக்கின் குழல் ஒரே இடத்தில் நிலையாக நிற்பதும் இல்லை. 1930களின் வால்தர் பி.பி.கே. பிஸ்டலில் குழல் உடலோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது. அதன் தோட்டா வலுக்குறைந்தது என்பதால் அது போதும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவின் அழுத்தத்துக்கு வேறு ஏற்பாடு தேவை. அமெரிக்கர் ஜான் பிரவுனிங் வகுத்த வழியில், குழலும் மேலே நகரும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு முதலில் சுமார் 3 மி.மீ. சேர்ந்தே பின்வாங்குகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்துவிடும். பிறகு குழலின் அடியில் உள்ள சரிவு, பின்முனையைக் கீழே இழுக்கிறது. பூட்டு விடுபட்டு ஸ்லைடு மட்டும் தொடர்ந்து ஓடுகிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழல் தாழ்ந்து, எழுந்து, மறுபடி அதே இடத்தில் வந்து அமர வேண்டும். குறி தவறாமை பற்றிப் பேசும் பலர் சுருள்வரியை மட்டுமே பேசுகிறார்கள். இந்த அமர்வின் துல்லியத்துக்கும் அதே மரியாதை தர வேண்டும் என்பது என் கருத்து.

இத்தனை அருமையான பலகோணக் குழலை ஏன் மாற்றினார்கள்? அதற்கும் சில பலவீனங்கள் உண்டு. செம்பு உறையில்லாத வெறும் ஈயக் குண்டுகளைச் சுட்டால் உள்ளே ஈயம் படிந்துகொண்டே போய், வழி குறுகி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். அத்தகைய குண்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று நிறுவனமே சொல்கிறது. இரண்டாவது பலவீனம் ஆய்வகத்தில் தெரியவந்தது. வழக்கமான குழலின் கூர் ஓரங்கள் குண்டின் உறையில் நுண்கீறல்களைப் பதிக்கும். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரு குண்டுகளை ஒருசேரப் பார்த்து, இரண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று தடயவியலாளர்கள் கருத்துச் சொல்வது இவற்றை வைத்துத்தான். ஓரமே இல்லாத சுவர் கீறல் போட மறுக்கிறது! வழுவழுப்பு எவ்வளவு நன்மையோ, புலனாய்வுக்கு அவ்வளவு சிக்கல்.

அமெரிக்காவின் மயாமி காவல் துறைக்கு இந்தச் சிக்கல் பெரிதாகவே, கிளாக் நிறுவனம் தனி வகைக் குழல் ஒன்றைச் செய்தது. பலகோணச் சுவரின் மேல் வேண்டுமென்றே நுண்ணிய அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. மயாமி குழல் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சுடும் திறனுக்காக அல்லாமல், சுட்டது எது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஒரு குழல் திருத்தப்பட்டது எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம். சுவாரசியம் என்னவென்றால், கிளாக்கின் வெற்றுத் தோட்டாக்கூடு பேசத் தயங்குவதே இல்லை. எரியூசி வரும் செவ்வகத் துளையின் உராய்வு கூட்டின் பின்புறத்தில் தெளிவாகப் பதிகிறது. பார்த்ததுமே கிளாக் என்று நிபுணர் சொல்லிவிடுவார்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2016இல் புதிய பிஸ்டல்களுக்கான ஒப்பந்தத்தைக் கிளாக்குக்கு வழங்கியது. 17எம், 19எம் என்ற அந்த வடிவங்களின் அம்சங்கள் பல அடுத்த ஆண்டு ஐந்தாம் தலைமுறையாகக் கடைக்கு வந்தன. அதன் குழலுக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘கிளாக் மார்க்ஸ்மேன் பேரல்’. பலகோணச் சிந்தனையை அது கைவிடவில்லை. மேடுகளுக்கு ஓரம் கொடுத்து, பழைய முறைக்கும் பலகோணத்துக்கும் நடுவே நிற்கிறது. குண்டை இன்னும் உறுதியாகப் பிடித்து, துல்லியத்தைக் கூட்டுவது நோக்கம்.

இன்னொரு மாற்றம் குழலின் வாயில். குண்டு விடைபெறும் கணத்தில் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியேற வேண்டும். வாயின் ஒரு பக்கத்தில் சிறு வடு இருந்தாலும் அங்கே வாயு முந்திக்கொண்டு குண்டின் பின்புறத்தை லேசாகத் தள்ளிவிடும். உள்ளே செய்த நுணுக்கமெல்லாம் வீண். ஐந்தாம் தலைமுறையில் சுருள்வரி முடியும் விளிம்பைச் சற்று உள்ளே தள்ளி, சுற்றிலும் எஃகு வளையம் காவலாக நிற்கும்படி அமைத்தார்கள். துப்பாக்கி கீழே விழுந்தாலும் அடி வாங்குவது வெளி வளையம்.

ராணுவத்துக்கென்று 1980களில் தேர்ந்த வழுவழுப்பும், துல்லியமான குறிக்காக 2017இல் சேர்த்த ஓரமும் அந்தந்தத் தேவைக்குச் சரியான தீர்வுகளே. ஆனால் சுவரின் வடிவத்தையும் வாயின் விளிம்பையும் எடைபோட்டு ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால், ஐந்தாம் தலைமுறையின் சிறந்த திருத்தம் உள்ளே தள்ளிய அந்த விளிம்பு என்பேன்.