அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது

போன வருஷம் அம்மா மதுரையிலிருந்து வந்து, ஸ்பிரிங்வேலில் எங்களோடு மூன்று மாதம் இருந்தார். இரண்டாவது வாரமே கேட்டார்: “இன்னைக்கு எங்கயாச்சும் கூட்டிட்டுப் போறியாப்பா?”

கேட்டபோது சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. மதுரையில் அம்மா யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. திருநகரில் டவுன் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய், கடைகண்ணி முடித்துத் தனியாகவே வீடு திரும்புவார். 2021 மே மாதத்திலிருந்து அங்கே சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இங்கே அவர் நான் ஆபீஸ் முடிந்து வரும் வரை காத்திருந்தார்.

சொந்தக் காரே இல்லாமல், பொதுப் போக்குவரத்தை மட்டும் நம்பி ஒரு ஊர் வாழ முடியுமா? நண்பர்கள் கூடும்போது அடிக்கடி வரும் விவாதம் இது. என் பதில்: முழுசாக முடியாது, ஆனால் நாம் நினைப்பதைவிட நிறைய முடியும்.

சிட்டிக்குப் போக ஸ்பிரிங்வேலில் குறை ஒன்றும் இல்லை. 2014-ல் ரயில்வே கேட்டை எடுத்து, தண்டவாளத்தைச் சாலைக்குக் கீழே இறக்கி, புது ஸ்டேஷன் கட்டினார்கள். 2026 பிப்ரவரி 1 முதல் கிரான்போர்ன், பேக்கன்ஹாம் ரயில்கள் மெட்ரோ டனல் வழியாக ஓடுகின்றன. பார்க்வில் மருத்துவமனைகளுக்கும் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கும் இப்போது ஒரே ரயிலில் போய் இறங்கலாம்.

சிக்கல் குறுக்கே போவதில்தான். மெல்பர்னின் ரயில் பாதைகள் எல்லாம் சிட்டியிலிருந்து விரிந்த கைவிரல்கள் மாதிரி. ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்குத் தாவ வழியில்லை. ஸ்பிரிங்வேல் ரோட்டிலேயே நேராகப் போனால் வரும் கிளென் வேவர்லிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால், சிட்டி வரை போய்த் திரும்ப வேண்டும். இல்லையென்றால் 902 பஸ். அது வார நாட்களில் பகலில் சுமார் 15 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, வார இறுதியில் அரை மணிக்கு ஒன்று. நம் ஆட்கள் கோயில், டியூஷன், தமிழ்ப் பள்ளி, பிறந்தநாள் விழா என்று அலைவதோ வார இறுதியில்தான்! கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலையே பாருங்கள். காரில் இருபது நிமிடம். கார் இல்லையென்றால் டாண்டினாங் வரை ரயில், பிறகு பஸ், பிறகு நடை.

இதைத் தலைவிதி என்று சொல்ல முடியாது. 1904-ல் ஸ்பிரிங்வேல் மயானத்துக்கென்றே தனி ரயில் பாதை போட்டார்கள். இறந்தவர் உடலும் உறவினர்களும் ரயிலில் போனார்கள். 1950களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டது. மோனாஷ் பல்கலைக்கழகப் பக்கமாக ரோவில் வழியே போகும் ரயில் பாதை 1969 போக்குவரத்துத் திட்டத்தில் இருந்தது. அதே திட்டத்தின் ஃப்ரீவேக்களில் பல வந்துவிட்டன, ரயில் மட்டும் இன்றுவரை வரவில்லை. கிளேட்டனையும் கிளென் வேவர்லியையும் இணைக்கும் சபர்பன் ரயில் லூப் 2035-ல்தான் என்கிறார்கள்.

டிக்கெட்டை இலவசமாக்கினால் போதாதா? லக்சம்பர்க் 2020 பிப்ரவரி 29 அன்று நாடு முழுக்க இலவசமாக்கியது. ஆனாலும் அங்கே கார்கள் குறைந்துவிடவில்லை. விக்டோரியாவிலும் 2026 ஜனவரி முதல் 18 வயதுக்குக் கீழே இலவசம். நல்ல விஷயம். ஆனால் பஸ்ஸே வராத நிறுத்தத்தில் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கார் தேவைப்படுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். டாண்டினாங் சவுத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் நம்மவர்கள் பலர். வெள்ளி, சனி இரவுகளில்தான் விடிய விடிய ரயில் உண்டு. மற்ற நாட்களில் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு ரயில் கிடைக்காது. கைக்குழந்தைக்கு நடுராத்திரியில் காய்ச்சல் என்றால் யாரும் பஸ் அட்டவணை பார்க்க மாட்டார்கள்.

அதனால் ‘எல்லாக் காரையும் ஒழிப்போம்’ என்பது என் கோரிக்கை அல்ல. வீட்டின் இரண்டாவது காரைப் பற்றித்தான் பேசுகிறேன். ரெஜோ மட்டுமே வருஷத்துக்கு 900 டாலருக்கு மேல். இன்சூரன்ஸ், சர்வீஸ், பெட்ரோல் தனி. மைக்கியில் ஒரு நாள் முழுக்கச் சுற்றினாலும் சுமார் 11 டாலர்தான். ஞாயிற்றுக்கிழமையும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தால் பல வீடுகளில் அந்த இரண்டாவது கார் தேவைப்படாது. சுரங்கம் தோண்டப் பத்து வருஷம் ஆகலாம். பஸ்ஸுக்கு வேண்டியது வண்டியும் டிரைவரும்தான். ஓட்டு கேட்டு வருகிறவர்களிடம் ஃப்ரீவே பற்றிக் கேட்கும் நாம், பஸ் பற்றி என்றாவது கேட்டிருக்கிறோமா?

அம்மாவுக்கு மைக்கி கார்டு வாங்கிக் கொடுத்து, இரண்டு தடவை கூடவே போய் வந்தேன். மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மீட்டிங் நடுவில் போன் வந்தது. “நான் டாண்டினாங்ல இருக்கேன்ப்பா. நாலாவது ஸ்டேஷன்தானே, நானே வந்துட்டேன். கறிவேப்பிலை வாங்கியாச்சு, உனக்கு வேற எதுவும் வேணுமா?”

வெகு நாள் கழித்து அந்தக் குரலில் மதுரை அம்மாவைக் கேட்டேன். ரயில் இருந்ததால் டாண்டினாங் வரை அவரால் போக முடிந்தது. கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு மட்டும், ஊருக்குத் திரும்பும் நாள் வரை, நான்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.