ராத்திரி 10 மணிக்கு மேல் சாப்பிட்டால் எடை குறையவே குறையாதா?

"ஏழு மணிக்கு மேல வாயைக் கட்டு, வெயிட் தானா இறங்கும்." எடை குறைக்கக் கிளம்பும் எல்லோரும் முதலில் கேட்கும் அட்வைஸ் இதுதான். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், தீபாவளி சீசனில் இதை புதியம்புத்தூரில் போய்ச் சொல்ல முடியுமா?

தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது புதியம்புத்தூர். ரெடிமேட் ஆடைகளுக்குப் பெயர்போன ஊர். பண்டிகை நெருங்கினால் கட்டிங், தையல், காஜா, பட்டன், அயர்ன், பேக்கிங் என்று வேலை ராத்திரி வரைக்கும் இழுக்கும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு, மெஷினை விட்டு எழுந்தால் அந்த நேரத்துக்கான காசு போச்சு. ஏழு மணி என்பது அவருக்குச் சாப்பாட்டு நேரம் அல்ல, ஒரு டீ நேரம். சாப்பாடு பத்துக்கோ பதினொன்றுக்கோதான்.

சென்னையில் அமெரிக்க ஷிஃப்ட் பார்க்கும் ஐடி ஊழியருக்கும், உணவு டெலிவரி செய்பவருக்கும் இதே கதைதான். இவர்களெல்லாம் ஆரோக்கியமாக எடை குறைக்க வழியே இல்லையா? இருக்கு. அதற்கு முன், ராத்திரிச் சாப்பாடு உடம்பில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ராத்திரியில் கலோரி கூடுமா?

கூடாது. காலையில் சாப்பிடும் இட்லியில் என்ன கலோரியோ, ராத்திரி சாப்பிடும் இட்லியிலும் அதேதான்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகம் இதைச் சோதித்துப் பார்த்து, முடிவை 2022-ல் வெளியிட்டது. அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ள 30 பேருக்குச் சாப்பாட்டை ஆய்வுக் குழுவே கொடுத்தது. நான்கு வாரம், நாளின் கலோரியில் 45 சதவிகிதம் காலையில், 20 சதவிகிதம் இரவில். இன்னொரு நான்கு வாரம், அப்படியே தலைகீழ். இரண்டு முறையிலும் குறைந்த எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், சுமார் 3.3 கிலோ. ஆனால், காலையில் நிறையச் சாப்பிட்ட வாரங்களில் அவர்களுக்குப் பசி குறைவாக இருந்தது.

அதாவது, மொத்த அளவு கட்டுக்குள் இருந்தால், நேரம் மட்டுமே எடையைக் கூட்டிவிடாது. அந்த அளவைக் கட்டுக்குள் வைப்பதைத்தான் நேரம் கஷ்டமாக்குகிறது.

அப்போ நேரத்துக்கு வேலையே இல்லையா?

இருக்கு. நம் உடம்பின் செல்களுக்குள் சுமார் 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இருட்டத் தொடங்கினால் மெலடோனின் ஹார்மோன் கூடும். தூக்கத்துக்குத் தயார்படுத்தும் இது, இன்சுலின் சுரப்பையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால், பகலில் சாப்பிட்ட அதே சாப்பாட்டை ராத்திரி சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், இறங்கவும் நேரமெடுக்கும்.

பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2022-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். 16 பேருக்கு ஒரே சாப்பாட்டை, ஒரு முறை வழக்கமான நேரத்திலும் இன்னொரு முறை சுமார் 4 மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது. 'வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைந்தது. விழித்திருக்கும் நேரத்தில் உடம்பு எரிக்கும் கலோரியும் கொஞ்சம் குறைந்தது. இது சின்ன ஆய்வுதான். ஆனால், லேட்டாகச் சாப்பிடுபவர்களுக்கு ஏன் இன்னும் இன்னும் என்று கேட்கிறது என்பதற்கு ஒரு விடை இதில் இருக்கிறது.

எடை எங்கே ஏறுகிறது?

மதியம் ஒன்றரைக்குச் சாப்பிட்டவர், ராத்திரி பத்தரைக்குத்தான் அடுத்து சாப்பிடுகிறார் என்று வையுங்கள். நடுவில் ஒன்பது மணி நேரம். அதை ஓட்டுவது சீனி போட்ட டீ, ஒரு வடை, ஒரு பாக்கெட் பிஸ்கட். அந்தப் பசியோடு கடைக்குப் போனால் கண்ணில் படுவது சுடச்சுட பரோட்டாவும் சால்னாவும்தான். தென் மாவட்டங்களில் அந்த நேரத்துக்குச் சூடாகக் கிடைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஒரு பரோட்டா, அளவைப் பொறுத்து, சுமார் 250 முதல் 300 கலோரி. மூன்று பரோட்டா என்றால் 750-க்குக் குறையாது. சால்னாவில் மிதக்கும் எண்ணெய் தனி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. இதே இடத்தில் நான்கு இட்லி, சாம்பார் என்றால் ஏறக்குறைய பாதியில் முடிந்துவிடும். பத்தரை மணி என்பது இரண்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம், ஒன்பது மணி நேரப் பசியில் எதை, எத்தனை கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இதோடு, நாள் முழுக்க மெஷின் முன்னாலோ கம்ப்யூட்டர் முன்னாலோ உட்கார்ந்தே வேலை. சாப்பிட்டு அரை மணியில் படுக்கை. நெஞ்செரிச்சல் வரும், தூக்கம் கெடும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் 5-வது சுற்றில் (2019-21), மாநிலத்தில் பெண்களில் 40.4 சதவிகிதம், ஆண்களில் 37 சதவிகிதம் பேர் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருந்தார்கள்.

சரி, லேட்டாகத்தான் சாப்பிட முடியும் என்றால்?

ராத்திரிச் சாப்பாட்டை இரண்டாக உடைப்பதுதான் எளிய வழி.

மாலை 6 – 7 மணி: டீ, வடைக்குப் பதில் பாதிச் சாப்பாடு. ஒரு கிண்ணம் பாசிப்பயறு அல்லது கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த முட்டை, வீட்டிலிருந்து கொண்டுபோன இரண்டு தோசை, இல்லை ஒரு சொம்பு கம்பங்கூழ், மோர் விட்டு. கரிசல் காட்டில் கம்பும் சோளமும் பயறும் புதுசு இல்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம், சிறுதானியத்திலும் கலோரி உண்டு. அளவில்லாமல் குடித்தால் கூழும் எடை போடும். கோவில்பட்டி கடலை மிட்டாயும் அப்படித்தான். 100 கிராமில் சுமார் 500 கலோரி என்பதால், ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேலை முடிந்த பிறகு: இரண்டு இட்லி, அல்லது இரண்டு சப்பாத்தி, காய்கறி அதிகமாக. மதியமே பருப்பு, முட்டை, மீன் என்று புரதம் சரியாகச் சாப்பிட்டிருந்தால் இந்த அளவு போதும்.

படுக்கப் போகும் முன்: முடிந்தால் இரண்டு மணி நேர இடைவெளி. முடியாவிட்டால், ராத்திரிச் சாப்பாட்டை இன்னும் சின்னதாக்குங்கள். பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறையும்.

விடிய விடிய வேலை பார்ப்பவர்கள் என்ன செய்வது? 2021-ல் அமெரிக்காவில் 19 பேரைச் செயற்கையான நைட் ஷிஃப்ட்டில் வைத்துச் சோதித்தார்கள். ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவிகிதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. எனவே, பெரிய சாப்பாட்டை ஷிஃப்ட்டுக்கு முன் முடித்துவிட்டு, நடுராத்திரியில் பசித்தால் மட்டும் லேசாக ஏதாவது எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ராத்திரியே சாப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் குறையுமே?

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. சர்க்கரை திடீரென இறங்கி ஆபத்தாகலாம். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், அல்சர் உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. மற்றவர்களுக்கும் பட்டினி ரொம்ப நாள் தாங்காது. நாலு நாள் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் பரோட்டாக் கடையில் சேர்த்துச் சாப்பிடுவதுதான் நடக்கும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அது பாதுகாப்பானது என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டி நூல்.

இதெல்லாம் தனி ஆளின் மன உறுதியில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. ஏழு மணிக்குச் சாப்பிட, ஏழு மணிக்கு எழுந்திருக்க விட வேண்டும். தையல் யூனிட் ஆகட்டும், ஐடி கம்பெனி ஆகட்டும், மாலையில் காசு பிடிக்காத 20 நிமிட இடைவேளையும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொடுத்தால், பத்தரை மணிப் பசி பாதியாகும். சீசன் நேரத்தில் அது பெரிய செலவும் இல்லை.