டர்போ தானாகச் சாவதில்லை

மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்காது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. மீட்டர் பக்கத்தில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு. ஷெட்டுக்குக் கொண்டுபோனால் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "டர்போ போயிடுச்சு சார்." இந்தத் தீர்ப்பு பல சமயம் தப்பு. சரியாக இருக்கும்போதும் பாதிதான் சரி. ஏனென்றால் டர்போ தன் வியாதியால் சாவது அபூர்வம். அதைக் கொன்றது ஆயிலாக இருக்கும், காற்றோடு உள்ளே போன ஏதோ ஒன்றாக இருக்கும், இல்லாவிட்டால் சூடாக இருக்கும். இவ்வளவு சுலபமாக அது ஏன் பலியாகிறது என்று பார்க்கப் போனால்தான், அந்தச் சின்ன நத்தைக்கூட்டுக்குள் நடப்பது எத்தனை அதிசயம் என்று தெரியவரும்.

எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக சைலன்சர் வழியே வெளியே போய்விடுகிறது. வீணாகப் போகும் அந்தப் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தைப் பூட்டி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளலாம். காற்று கூடினால் அதற்கேற்ப எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம், சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலையைச் செய்யும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி இதற்குக் காப்புரிமை கேட்டது 1905-இல். 1918-இல் அமெரிக்காவின் சான்ஃபோர்டு மாஸ் ஒரு விமான இன்ஜினைப் பைக்ஸ் பீக் மலையுச்சிக்கு, 14,000 அடிக்கு மேலே ஏற்றி, காற்று மெலிந்த இடத்திலும் டர்போ போட்டால் சக்தி குறையாது என்று காட்டினார்.

கார்களுக்கு வர 1962 ஆயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் கதை வேடிக்கையானது. அழுத்திய காற்றின் சூட்டில் பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்காமலிருக்க, மெத்தனாலும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். தீர்ந்துபோனால் அழுத்தம் தானாகவே குறைந்துவிடும்படி பாதுகாப்பும் வைத்திருந்தார்கள். ஊற்ற மறந்தவர்கள், வண்டியில் சக்தியே இல்லை என்று புகார் சொன்னார்கள். கடைசியில் வேண்டுகிறவர்களுக்கு டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்கும் நிலை வந்தது. டர்போ மேல் வீண்பழி விழுவது அப்போதே தொடங்கிவிட்டது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றுப் பக்கத்துச் சக்கரத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முழு மூச்சில் ஓடும்போது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று என்பது கார் டர்போக்களுக்குச் சாதாரணம். விநாடிக்கு 3,333 சுற்று. அப்போது சக்கரத்தின் விளிம்பு விநாடிக்கு 470 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலியே 340 மீட்டர்தான் போகும். விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு துணுக்கையும் பிய்த்தெறியப் பார்க்கும் விசை, புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 10 லட்சம் மடங்கு. ஒரு கிராம் அலுமினியம் அங்கே ஒரு டன் கனக்கிறது! மறுமுனையில் புகை பட்டுச் சுழலும் சக்கரம் நிக்கல் கலவை. டீசல் வண்டியில் 800 டிகிரி வரைக்கும், பெட்ரோல் வண்டியில் 950-க்கு மேலும் வெந்துகொண்டே சுற்ற வேண்டும். குளிர்ந்த காற்றுச் சக்கரத்துக்கும் இதற்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூடக் கிடையாது.

கழற்றிய சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நட்டின் ஓரத்திலோ சக்கரத்தின் முதுகிலோ லேசாக அரைத்தெடுத்த தடம் இருக்கும். எடையைச் சமன் செய்வதற்காகத் தொழிற்சாலையில் சுரண்டி எடுத்த இடம் அது. மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி வெறும் 10 மில்லிகிராம் கூடுதலாக இருந்தாலே, முழு வேகத்தில் அது தண்டை நாலரைக் கிலோ பலத்தோடு ஒரு பக்கமாக இழுக்கும். இழுக்கும் பக்கமும் விநாடிக்கு 3,333 தடவை சுற்றிவரும். உள்ளே போன ஒரு சின்னக் கல் இறக்கை நுனியைக் கொறித்துவிட்டால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

சரி, இத்தனை வேகத்தில் சுற்றும் தண்டு எதன்மேல் நிற்கிறது? பெரும்பாலான கார் டர்போக்களில் பால்பேரிங் இல்லை. தண்டு ஆயிலில் மிதக்கிறது. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஓர் ஆயில் படலம், புஷ்ஷுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இன்னொரு படலம். புஷ்ஷும் சும்மா இருக்காது, தண்டைவிட நிதானமாகத் தானும் சுற்றும். இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். எல்லாம் ஒழுங்காக ஓடும்போது உலோகம் உலோகத்தைத் தொடுவதே கிடையாது. தண்டின் சூட்டை வாரிக்கொண்டு போவதும் அதே ஆயில்தான். ஆயில் வரத்து சில விநாடி தடைப்பட்டாலும் கதை முடிந்தது.

விவரமான மெக்கானிக் ஏர் ஹோஸைக் கழற்றி, சக்கரத்தின் நட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுவது இதற்காகத்தான். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். ஆயில் நிரம்ப வேண்டிய இடைவெளி அது. முன்னும் பின்னுமாக இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கைகள் கூட்டின் சுவரில் உரசி வட்டமாகக் கோடு போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிரித்துப் போட்ட டர்போ, தான் எப்படிச் செத்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடும். தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் கிடைக்காமல் காய்ந்தது. புஷ்ஷில் வட்ட வட்டமாகக் கீறல் இருந்தால் ஆயில் வந்தது, ஆனால் அழுக்கோடு வந்தது. காற்றுச் சக்கரத்தின் முன்விளிம்பு கடிபட்டிருந்தால் ஏர்ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். புகைச் சக்கரம் கடிபட்டிருந்தால் இன்ஜினுக்குள்ளிருந்தே ஏதோ உடைந்து வந்திருக்கிறது. தண்டில் கறுப்பாகக் கருகிய பிசின் ஒட்டியிருந்தால் அது ஓட்டியவர் செய்த வேலையாகவும் இருக்கலாம். நெடுஞ்சாலையில் விரட்டி வந்து, நிறுத்திய கையோடு சாவியைத் திருகினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். வெந்துகொண்டிருக்கும் புகைக்கூட்டின் சூடோ தண்டு வழியாக நடுப்பகுதிக்கு ஏறும். அங்கே தங்கிய ஆயில் கருகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைக்கச் சொல்வது இதனால்தான்.

"டர்போ ஆயில் கக்குது" என்பது அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார். இதில் நம்மில் பலரும் நினைப்பதுபோல் ரப்பர் சீல் எதுவும் இல்லை. பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய இரும்பு வளையங்கள்தான். ஆயில் பம்ப்பின் அழுத்தத்தில் மேலே வரும். திரும்புவது மட்டும் தானாக வடிந்துதான். அதுவும் நுரைத்துப்போய் வடியும். இன்ஜினின் ரிங் தேய்ந்தோ, பிரீதர் அடைத்தோ கீழே அழுத்தம் ஏறிவிட்டால், வடிய வழியில்லாத ஆயில் வளையத்தைத் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள் புகும். அந்த வண்டியில் புத்தம்புது டர்போ போட்டாலும் அதுவும் கக்கும்.

இதில் பயப்பட வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. டீசல் இன்ஜினுக்கு எரிய எண்ணெய் இருந்தால் போதும், அது டேங்கிலிருந்து வந்ததா ஆயில் சம்ப்பிலிருந்து வந்ததா என்று பார்க்காது. டர்போ வழியாக இன்ஜின் தன் ஆயிலையே குடிக்கத் தொடங்கிவிட்டால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்தது போல் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு மூச்சைத் திணறவைக்கலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வழியும் இல்லை. காற்று போகும் வாயை அடைத்தால் நிற்கும்தான். ஆனால் வெறுங்கையோடு அதன் கிட்டே போகக் கூடாது. எல்லோரும் தள்ளி நிற்பதே நல்லது.

டர்போ நிரபராதியாக இருக்கும் வழக்குகளும் ஏராளம். கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இன்டர்கூலர் ஹோஸ். அதில் ஒரு கீறல் விழுந்தால் அழுத்திய காற்று வெளியே போய்விடும். மிதிக்கும்போது புஸ்ஸென்று சத்தமும் கேட்கும். சில வண்டிகளில் ஒரு சின்ன வேக்கம் டியூப் வெடித்திருக்கும். புகைச் சக்கரத்தைச் சுற்றி அசையும் தகடுகள் வைத்த டர்போ என்றால் கதை வேறு. ஸ்விஃப்ட்டில் 75 குதிரைசக்தி கொடுத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின், எர்டிகாவில் 90 கொடுத்தது இப்படிப்பட்ட டர்போவோடுதான். ஊருக்குள்ளேயே ஊர்ந்து ஓடும் வண்டியில் கரி படிந்து இந்தத் தகடுகள் இறுகிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம் ஒன்று, வந்த அழுத்தம் ஒன்று என்று ஆனதும் அது சக்தியைக் குறைத்து வண்டியை நொண்டவைக்கும். தகடுகளைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே பல வண்டிகள் பிழைத்துக்கொள்கின்றன.

ஆயிலின் குற்றத்துக்கு உலகப் பிரசித்தமான சாட்சி ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. பெஷோ-சிட்ரோயனும் ஃபோர்டும் கூட்டாகக் கொண்டுவந்த 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் அது. வால்வோ, மாஸ்டா கார்களிலும் ஓடியது. அதில் டர்போ போய், புது டர்போ போட்டு, அதுவும் கொஞ்ச நாளில் போய், மூன்றாவதும் போன கதைகள் ஏராளம். குற்றவாளி இருந்தது டர்போவுக்கு வெகு தூரத்தில். இன்ஜெக்டர்களின் அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிந்து, எரிந்த வாயு மேலேறி, கரி ஆயிலில் கலந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டுக்குள் ஒரு சின்னச் சல்லடை. கரி அதில் போய் அடைத்துக்கொண்டது. டர்போவுக்கு ஆயில் நின்றது. ஆயிலை வடித்து மாற்றினாலும் சம்ப்பின் அடியில் கசடு கொஞ்சம் தங்கிவிடும். புது ஆயிலும் ஊற்றிய அன்றே கறுக்கும். அழுக்கைத் தடுக்க வைத்த சல்லடையே டர்போவின் கழுத்தை நெரித்தது. இப்போது அந்த இன்ஜினுக்கு டர்போ விற்கும் பல கடைகள், குழாயும் போல்ட்டும் புதிதாக மாற்றி, சம்ப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாயில் ஆயில் எவ்வளவு வருகிறது என்று அளந்து காட்டினால்தான் வாரன்டி கொடுக்கின்றன.

நம்மூர் ஷெட்டிலும் இதையே கேட்டு வாங்கலாம். பழைய டர்போவைக் கையில் வாங்கித் தண்டையும் சக்கரத்தையும் பாருங்கள். புதியதை மாட்டும்போது ஆயில் குழாய், ஃபில்டர், கேஸ்கெட் புதிதாக வருகிறதா, பழைய சக்கரத்தின் துணுக்குகள் தங்கியிருக்கக்கூடிய இன்டர்கூலரைக் கழுவினார்களா என்று கேளுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் டர்போவின் ஆயில் துளையில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, இன்ஜின் எரியாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி ஆயில் ஏறவிட வேண்டும். இந்த வேலை எதுவும் இல்லாமல், பில்லில் டர்போ ஒன்று, லேபர் ஒன்று என இரண்டே வரி இருந்தால், பழையதைக் கொன்றது எதுவோ அது இன்னும் வண்டியிலேயேதான் இருக்கிறது.