மனப்பாடமான கற்பனை

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் 'நான் ஒரு பேனா' எழுதாதவர் அபூர்வம். தன்கதை என்று அதற்குப் பெயர். பேனா தொழிற்சாலையில் பிறக்கும், கடைக்குப் போகும், ஒரு மாணவனிடம் வந்து சேரும், கடைசியில் குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் விடும். பேனாவுக்குப் பதில் பள்ளிப்பை, குடை, காலணி என எது வந்தாலும் கதை இம்மியும் பிசகாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யூபிஎஸ்ஆருக்காக மாதிரிக் கட்டுரைகள் கைமாறின. பிள்ளைகள் நெட்டுருப் போட்டார்கள். 'கற்பனைக் கட்டுரை' என்ற பிரிவுக்கும் இதே கதிதான்!

இந்தப் பள்ளிகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு ஓர் ஊரைப் பார்க்கலாம். சிரம்பானுக்குத் தெற்கே, லிங்கி போகும் வழியில் இருக்கிறது ரந்தாவ். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சிறு பட்டணம். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. இங்குள்ள லின்சம், கொம்போக் தமிழ்ப்பள்ளிகளுக்கு இன்னும் தோட்டத்தின் பெயர்தான். நெகிரி செம்பிலானின் 60-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பலவும் இப்படித் தோட்டப்புறத்தில் முளைத்தவையே. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-இன் தொழிலாளர் சட்டம். கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. அதற்கு மேல் துரைமார்களுக்கு அக்கறை இல்லை. கிராணியும் கங்காணியும் பாடம் சொல்லிக்கொடுத்த காலம் அது.

அந்தப் பிள்ளைகளின் கற்பனைக்குக் கதவு திறந்தது வகுப்பறைக்கு வெளியே. 1950-இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவது எப்படி என்று பாடம் அச்சாகும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். அவற்றை மதிப்பிட்டுச் சொல்வார்கள். அதே பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென்றே 'மாணவர் மணிமன்றம்' பகுதியை ஒதுக்கியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல எழுத்தாளர்களுக்கு அதுவே முதல் மேடை. தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளைக்கு அடுத்ததை எழுத யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2021-இல் யூபிஎஸ்ஆர் ரத்தானது. இனி படைப்பாற்றல் தானாகப் பூத்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. அவ்வளவு எளிதல்ல.

ஓஈசிடி அமைப்பு பல நாடுகளில் நடத்திய 2022 பீசா ஆய்வு, 15 வயது மாணவர்களின் ஆக்கச் சிந்தனையை முதன்முறையாக அளந்தது. படத்துக்குக் கதை எழுதுவது, சுவரொட்டி வடிவமைப்பது, ஊர்ப் பிரச்சினைக்குப் புது வழி சொல்வது போன்ற பணிகள். 60 புள்ளிகளுக்கு 41 பெற்று முதலில் நின்ற நாடு சிங்கப்பூர். தொடக்கப்பள்ளி முடிவில் கடுமையான தேர்வு வைக்கும் அதே சிங்கப்பூர்தான்! ஓஈசிடி நாடுகளின் சராசரி 33. மலேசியா அதற்கும் கீழே. ஆகவே பழியைத் தேர்வின் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. என்ன கேட்கிறோம், எந்தப் பதிலுக்கு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

படைப்பாற்றலைக் காட்டப் போட்டிகளுக்கு இப்போது குறைவில்லை. பேச்சு, கதை சொல்லுதல், அறிவியல் விழா என்று ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்று நடக்கிறது. 'அஸ்தி' அமைப்பு தமிழ்ப்பள்ளிகளுக்காக நடத்தும் அறிவியல் விழாவில் பிள்ளைகளே ஆய்வு செய்து விளக்குகிறார்கள், நல்ல முயற்சி. ஆனால் பொதுவாகப் போட்டி என்றதும் உரையை ஆசிரியர் எழுதுவதும் மாதிரியை அப்பா செய்வதும் ஊரறிந்த ரகசியம். நடுவர் எழுதிவைக்காத கேள்வி ஒன்றைக் கேட்டாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

இங்கே தோட்டப்பள்ளிக்கு ஒரு வசதி இருக்கிறது. 150-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியை 'குறைந்த மாணவர் பள்ளி' என்று அமைச்சு வகைப்படுத்துகிறது. மூடிவிடுவார்களோ என்ற கவலையோடுதான் அதைப் பேசுவார்கள். ஆனால் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் என்றால், பேனாவை விட்டுவிட்டு, பால் வெட்டிய பாட்டியைப் பற்றியோ செம்பனைக் குலை ஏற்றும் லாரியைப் பற்றியோ ஆளுக்கொரு விதமாக எழுதச் சொல்லலாம். அத்தனையையும் ஆசிரியர் உட்கார்ந்து படிக்கவும் முடியும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. சின்னப் பள்ளியில் ஆசிரியர்கள் சிலரே. நிரப்ப வேண்டிய பாரங்களும் அனுப்ப வேண்டிய அறிக்கைகளும் பெரிய பள்ளிக்கு உள்ளவையேதான்.